மைக் கேட்காத திசை

எழுபதுகளின் பிற்பகுதியில், மதராஸில் மின்பொறியியல் முடித்து மேற்படிப்புக்கென்று லண்டனுக்குப் போயிருந்த நான், அந்தப் படிப்பைக் காட்டிலும் ஒலிப்பதிவுக் கலையின் மீது மோகம் மிகுந்து, நகரத்தின் மேற்குப் பகுதியில் பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து அமைத்திருந்த ஒரு ஸ்டூடியோவில் டேப் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். இரண்டங்குல அகல நாடாவைச் சுருளில் ஏற்றுவதும், கேட்ட இடத்துக்கு அதை ஓட்டி நிறுத்துவதும், கேபிள்களைச் சுருட்டி வைப்பதும், எந்தத் தடத்தில் எந்த வாத்தியம் பதிவாகியிருக்கிறது என்று தாளில் குறித்து வைப்பதும் என் வேலைகள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிரியமான வேலை, அங்கே ராக் இசைத்தட்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மைக்குகளை எடுத்துக் கொடுப்பதும், அவர் சொன்ன இடத்தில் நிறுத்துவதும், பதிவு முடிந்தபின் துடைத்து அலமாரியில் வைப்பதுமாகும். யார்க்‌ஷயர்க்காரரான அவர் அதிகம் பேசாதவர். ஆயினும் மைக்கைப் பற்றி நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவருடைய கைகளைப் பார்த்து அறிந்ததே.

பாட்டுக் குழுவினர் வந்து சேர்ந்து, டிரம்ஸைப் பூட்டி, தோல்களை இறுக்கிச் சுருதி கூட்டி முடிக்கும் வரையில் அவர் மைக் அலமாரியைத் திறக்கவே மாட்டார். வாசிப்பவரை ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, அறை முழுவதும் மெல்ல நடப்பார், சுவரோரமாக நிற்பார், குனிவார், சில சமயம் தரையில் முழங்காலிட்டுப் பெரிய டிரம்மின் வாயருகே தலையைக் கொண்டுபோவார். கச்சேரியில் மிருதங்க வித்துவானுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தொப்பியின் கும்காரமும், வலப்பக்கம் உட்கார்ந்தவனுக்கு வலந்தலையின் சொற்கட்டுகளும் தூக்கலாகக் கேட்கும் என்பதைச் சிறு வயதிலேயே சபாக்களில் அனுபவித்திருந்த எனக்கு, அவர் எதைத் தேடி நடக்கிறார் என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. ஒரு காதை அடைப்பதன் காரணம் மட்டும் பிறகுதான் விளங்கிற்று. இரு செவிகளும் திறந்திருக்கையில் மனம் தனக்கு வேண்டாத ஒலிகளைத் தானாகவே விலக்கிவிடுகிறது. மைக்குக்கு அத்தகைய விவேகம் கிடையாது. அது நின்ற இடத்தில் விழுகின்ற சப்தம் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஒற்றைச் செவியால் கேட்பவன் ஏறக்குறைய மைக்கின் நிலையில் நின்று கேட்கிறான்.

இந்தப் பிரதட்சிணம் முடிந்த பிறகுதான் அலமாரி திறக்கும். அப்போது அவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, மற்றப் பொறியாளர்கள் கேட்டு நான் அறியாத கேள்வி. இந்த மைக் எதை நன்றாகக் கேட்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், இது எதைக் கேட்காது என்று யோசிப்பார். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு செவிட்டுத்தனம் உண்டு. சிலவற்றுக்கு அது திசையைப் பற்றியது. சிலவற்றுக்கு ஸ்தாயியைப் பற்றியது. முன்புறம் கேட்டுப் பின்புறம் கேளாதவை உண்டு. முன்னும் பின்னும் கேட்டு இரு பக்கவாட்டிலும் கேளாதவை உண்டு. நாற்புறமும் கேட்கிறவையும் உண்டு. அடிநாதம் எட்டாதவையும் உச்சநாதம் எட்டாதவையும் உண்டு. ஒரே அறைக்குள் டிரம்ஸும் இரண்டு கிதார்களும் பேஸும் ஏககாலத்தில் முழங்கும் ராக் இசையில், ஒரு வாத்தியத்தின் முன்னே நிறுத்திய மைக்குக்குள் மற்ற வாத்தியங்கள் புகுந்துவிடுவதுதான் ஓயாத தொல்லையாகையால், மைக்கின் செவிடான பக்கத்தை எந்தப் பகைவனை நோக்கித் திருப்புவது என்பதிலேயே பாதி வித்தை அடங்கியிருப்பதாக அவர் கருதினார். நானும் அதே அபிப்பிராயத்தில்தான் இன்றளவும் இருக்கிறேன்.

ஸ்னேர் டிரம்முக்கு அவர் எடுப்பது ஷூர் எஸ்.எம். 57. அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 1965-ல் வெளியிட்ட மைக் அது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகள் ஸ்டூடியோ மைக்ரோஃபோன் என்பதையே குறித்தன என்றாலும், அது புகழடைந்தது மேடைகளில்தான். அலமாரியிலிருந்த மைக்குகளில் மிகவும் மலிவானது அது. டிரம் குச்சி தவறிப் பட்டு அதன் தலை நசுங்கியிருந்தபோதிலும் வேலை செய்துகொண்டிருந்தது. கம்பிச்சுருள் ஒட்டிய சவ்வு காந்தத்தின் நடுவே அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும் டைனமிக் வகையாகையால், அந்தச் சுருளின் கனமே மிக நுண்ணிய உச்ச ஒலிகளைத் தடுத்துவிடுகிறது. நொடிக்கு 5000, 6000 சுழற்சிகளுக்கருகே அதற்கு ஓர் எழுச்சி உண்டு. ஸ்னேர் தோலின் மீது குச்சி படுகிற அந்தக் கணத்தின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஸ்னேருக்குப் பக்கத்திலேயே இரண்டு வெண்கலத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று மோதும் ஹை-ஹாட் நிற்கும். அதன் சீற்றம் ஸ்னேர் மைக்கில் புகுந்துவிட்டால், பின்னால் ஸ்னேரின் ஒலியைக் கூட்டும்போதெல்லாம் சீற்றமும் கூடவே எழும்பும். ஆகவே அவர் மைக்கின் முதுகு ஹை-ஹாட்டைப் பார்க்கும்படியாகவும் முகம் தோலைச் சரிவாகப் பார்க்கும்படியாகவும் நிறுத்தச் செய்து, கண்ட்ரோல் அறைக்குப் போய், ஹை-ஹாட்டை மட்டும் தட்டச் சொல்லி, ஸ்னேர் மைக்கில் அது எவ்வளவு மங்குகிறது என்று கேட்பார். ஸ்னேரைக் கேட்பது அதற்குப் பிறகுதான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவர் விரலை அசைக்க, நான் ஸ்டாண்டை அரையங்குலம் அரையங்குலமாகத் திருப்புவேன்.

பெரிய டிரம்முக்கு ஆஸ்திரிய நாட்டு ஏ.கே.ஜி. கம்பெனியின் டி 12. அடிநாதத்தைத் தாங்கி எழுப்புவதற்கென்றே உள்ளே ஓர் அறை அமைந்த கனத்த மைக் அது. அதை டிரம்மின் வயிற்றுக்குள்ளேயே வைத்து, ஒரு கம்பளியையும் உடன் திணித்துவிடுவார். இந்த வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அபே ரோடு ஸ்டூடியோவில், 1966-ல் பீட்டில்ஸ் குழுவினர் ‘ரிவால்வர்’ இசைத்தட்டைத் தொடங்கியபோது, இருபதே வயதான ஜெஃப் எமெரிக் அவர்களுடைய பொறியாளராக நியமனம் பெற்றார். மைக்குகளை வாத்தியத்துக்கு இவ்வளவு தூரத்துக்குள் கொண்டுபோகக் கூடாதென்று அங்கே நிர்வாக விதி இருந்தது. காற்றின் மோதலால் விலையுயர்ந்த கருவிகள் பழுதாகும் என்பது அதன் காரணம். எமெரிக் அந்த விதியை மீறி, டி 20 என்னும் மைக்கைப் பெரிய டிரம்மின் அருகே நகர்த்தி, ரிங்கோ ஸ்டாரின் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். அந்த இசைத்தட்டில் டிரம்ஸ் மார்பில் வந்து இடிப்பதுபோல் ஒலிப்பதற்கு அவருடைய இந்தத் துணிவு ஒரு முக்கிய காரணம். விதிகளைப் பெரிதும் மதிக்கின்ற ஸ்தாபனமொன்றில், தொழில் தொடங்கிய பருவத்திலேயே ஒரு வாலிபன் தன் செவியை நம்பி நடந்துகொண்டானே என்று எங்கள் தயாரிப்பாளர் எமெரிக்கின் பேச்சு வரும்போதெல்லாம் நெகிழ்ந்து போவார்.

ஆனால் அவருடைய உள்ளம் முழுவதும் குடிகொண்டிருந்தது, டிரம்ஸின் தலைக்குமேல் தொங்கவிடும் மைக்குகளிடத்தில். மற்ற ஸ்டூடியோக்களில் அங்கே கண்டென்சர் மைக்குகளைத் தொங்கவிடுவது சம்பிரதாயம். பொன்பூசிய மெல்லிய சவ்வைக் கொண்ட அவை, சிம்பலின் மிக நுண்ணிய சிலிர்ப்பையும் தவறவிடாமல் பிடித்துவிடும். அவரோ, ஐம்பதுகளில் பி.பி.சி.யின் பொறியாளர்கள் ஒலிபரப்புக்கென்று வடிவமைத்த 4038 என்னும் ரிப்பன் மைக்குகளைத்தான் கேட்பார். வலிமையான காந்தத்தின் துருவங்களுக்கு இடையில், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புள்ள அலுமினியப் பட்டை ஒன்று நெளிநெளியாக மடிந்து தொங்குகிறது. சப்த அலையில் அந்தப் பட்டையே அசைகிறது, அசைவதே மின்சாரமாகிறது. அதை அலமாரியிலிருந்து எடுத்துவருகிற விதத்தை எனக்கு அவரே கற்றுக்கொடுத்தார். நிமிர்ந்த நிலையில்தான் பிடிக்கவேண்டும்; நடக்கையில் எதிர்க்காற்றுப் படாதவாறு ஒரு துணிப்பையைக் கவிழ்த்துக்கொள்ளவேண்டும்; ஸ்டாண்டில் பொருத்தி, கேபிளைச் செருகி, எல்லாம் நிலைத்த பிறகே பையை அகற்றவேண்டும். வாயால் ஊதிப் பார்ப்பதென்பது மகாபாதகம். கண்டென்சர் மைக்குகளுக்குக் கன்சோல் என்னும் கலவை மேசையிலிருந்து செல்லும் 48 வோல்ட் மின்னழுத்தம், பழுதான கேபிளின் வழியாக ரிப்பனுக்குச் சென்றுவிட்டாலும் பட்டை இழுபட்டு நாசமாகலாம் என்பதால், கேபிள்களை நான் தனியாகச் சோதித்து வைத்துக்கொள்வேன்.

இவ்வளவு மென்மையான கருவியை, ராக் உலகின் மிக முரட்டு வாத்தியத்துக்கு மேலே ஏன் தொங்கவிடவேண்டும்? சிம்பலைக் குச்சியால் ஓங்கி அடிக்கையில் எழும் வெண்கலத்தின் கீச்சொலி, அறையில் நிற்கிறவனுக்கு உற்சாகமூட்டினாலும், நாடாவில் பதிந்து திரும்பி வரும்போது செவியை அறுக்கிறது. ரிப்பன், உச்ச ஸ்தாயியின் முனையில் தானாகவே தணிந்துவிடுவதால், சிம்பல் மினுமினுப்போடும் உடம்போடும் கேட்கிறது. அதற்கடியிலிருக்கிற டிரம்களின் தோல்நாதம் அமுங்காமல் மேலெழுகிறது. அன்றியும், ரிப்பன் முன்னும் பின்னும் கேட்கும். பக்கவாட்டில் அநேகமாக முழுச் செவிடு. கிதார்க்காரரின் ஆம்ப்ளிஃபையர் அதே அறையில் நிற்கும் நாட்களில், அவர் 4038-இன் விளிம்பு அந்தப் பெட்டியை நோக்குமாறு திருப்புவார். அப்படித் திருப்பிய ஒரு தினம், கண்ட்ரோல் அறையில் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை உயர்த்தியபோது கிதார் பாதிக்குமேல் மறைந்துபோய் டிரம்ஸ் மட்டும் தனியே வந்து நின்றதை நான் கேட்டேன். இடையில் ஒரு தடுப்புப் பலகைகூட இல்லை.

தலைக்குமேல் இரண்டு மைக் என்றவுடன் தூரத்தின் பேச்சு வந்துவிடுகிறது. ஒலி ஓர் அடி கடக்க ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஸ்னேரிலிருந்து ஒரு மைக் மூன்றடியிலும் மற்றது நான்கடியிலும் இருந்தால், ஒரே அடி இரண்டு வேறு கணங்களில் வந்து சேர்ந்து, இரண்டையும் கலக்கும்போது சில ஸ்தாயிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஃபேஸ் போய்விட்டது என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் தயாரிப்பாளர் ஒரு மைக் கேபிளின் நுனியை ஸ்னேரின் நடுவில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை விரைப்பாக இழுத்து, இரு மைக்குகளும் ஒரே தூரத்தில் நிற்குமாறு அளப்பார். ஒன்று வாசிப்பவரின் தலைக்குமேலும், மற்றொன்று வலப்பக்கத்துப் பெரிய டாம் டிரம்மின் தோளருகிலும் நிற்கும். இது கிளின் ஜான்ஸ் என்னும் ஒலிப்பதிவுப் பொறியாளர் கண்ட வழி. 1968-ல், பார்ன்ஸ் பகுதியிலிருந்த ஒலிம்பிக் ஸ்டூடியோவில் லெட் ஸெப்லின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது, கிதாருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்த மைக்கை மறுபடி டிரம்ஸுக்குத் திருப்பியதில், கன்சோலில் அது அந்தப் பக்கமே நின்றுவிட, டிரம்ஸ் இடமும் வலமுமாக விரிந்து கேட்டதாம். தற்செயலாக நேர்ந்ததைச் செவியால் அடையாளம் கண்டு, எண்ணித் துணிந்து மறுபடி செய்ததில் இருக்கிறது ஜான்ஸின் மேதைமை.

அவருடைய தம்பி ஆண்டி ஜான்ஸ், அதே குழுவின் நான்காவது இசைத்தட்டுக்காக, ஹாம்ப்‌ஷயரில் ஹெட்லி கிரேன்ஜ் என்னும் பழைய மாளிகையின் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸைப் போட்டு, மாடிப்படியின் மேற்றளத்திலிருந்து பேயர்டைனமிக் எம் 160 மைக்குகள் இரண்டைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். அவையும் ரிப்பன்களே. 1971-ல் வெளிவந்த ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ என்னும் பாட்டின் தொடக்கத்தில் அந்தக் கூடம் முழுவதுமே வாத்தியமாகி முழங்குவதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். எங்கள் தயாரிப்பாளர் அந்தத் தட்டை அடிக்கடி போடச் சொல்லிக் கேட்பார். திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் அறை முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றும், ஆகையால் ஒரு மைக்கைச் சேர்ப்பவன் முன்பு நின்ற மைக்குகள் அனைத்தின் ஒலியையும் மாற்றுகிறான் என்றும் அவர் சொல்லுவார். பின்னாளில், சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி என்பவர், தம்மைத் தயாரிப்பாளரென்று அழைப்பதையே விரும்பாமல், ஒலிப்பதிவாளர் என்ற பெயரே போதுமென்று இருந்து, அறையின் ஒலிக்கும் மைக் நிற்கும் இடத்துக்கும் தம் ஆயுளையே அர்ப்பணித்ததைப் பற்றிப் படித்தபோது, இவர்களெல்லாம் ஒரே குருகுலத்தைச் சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றிற்று. 1993-ல் நிர்வானா குழுவுக்காக அவர் பதிவு செய்த ‘இன் யூட்டரோ’வில், ஸ்னேர் அடி ஒவ்வொன்றிலும் அறையின் சுவர்கள் கேட்கின்றன.

பேஸ் கிதாரில் சொல்வதற்கு அதிகமில்லை. கேபிளை நேரே கன்சோலில் செருகி ஒரு தடமும், ஸ்பீக்கர் முன் ஒரு மைக்கும். அரை மணியில் முடிந்துவிடும்.

எலெக்ட்ரிக் கிதாரின் கதை வேறு. அங்கே மைக் கேட்பது தந்தியை அல்ல, ஸ்பீக்கர் பெட்டியை. பன்னிரண்டங்குலக் காகிதக் கூம்பின் நடுவே கூர்மையான ஒலியும், விளிம்பை நோக்கிப் போகப் போக மந்தமான ஒலியும் பிறக்கின்றன. பெட்டியின் முகத்திலே துணி போர்த்தியிருப்பதால் கூம்பின் நடு எங்கே என்று வெளியிலிருந்து தெரியாது. நான் டார்ச் விளக்கைத் துணியோடு ஒட்டிப் பிடிப்பேன். நெசவுக்குப் பின்னால் கூம்பின் வட்டம் நிழலாகத் தெரியும். சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். அதன் பிறகு நடப்பதுதான் பார்க்கவேண்டிய காட்சி. கிதார்க்காரரை வாசிக்கவேண்டாமென்று சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபையரை முழு அளவில் திறந்துவைத்து, அதிலிருந்து எழும் வெறும் இரைச்சலை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, அவர் எஸ்.எம். 57-ஐக் கையில் பிடித்து அந்தப் புள்ளியைச் சுற்றி மெல்ல மெல்ல நகர்த்துவார். அந்த இரைச்சலில் எல்லா ஸ்தாயிகளும் கலந்திருப்பதால், மைக் அரையங்குலம் நகர்ந்தாலும் அதன் நிறம் மாறுவது வெளிச்சமாகக் கேட்கும். தேவையான நிறம் வந்ததும் கை அப்படியே நின்றுவிடும். நான் ஸ்டாண்டைக் கொண்டுபோய் அந்தக் கைக்கடியில் முட்டுக்கொடுத்துத் திருகி இறுக்குவேன். இதற்குள் ஒருவரும் தந்தியைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ஹெட்ஃபோன் போட்டவரின் செவி என்னாவது? ஆகவே கிதார்க்காரர் தம் வாத்தியத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டுமென்பது அவருடைய கண்டிப்பான விதி. சற்றுத் தள்ளி ஒரு நாய்மன் யூ 87-ஐயும் வைத்துப் பார்ப்பார். அதன் ஒலி முழுமையானது, அழகானது. ஆனால் டிரம்ஸோடும் பேஸோடும் சேர்த்துக் கேட்கையில் அந்த முழுமையே இடத்தை அடைத்துக்கொண்டுவிடுவதால், அநேகமாக அதை மூடிவிட்டு, கீழும் மேலும் குறைவுபட்ட 57-ஐ மட்டுமே வைத்துக்கொள்வார். அந்தக் குறைவில் பேஸுக்கும் சிம்பலுக்கும் இடம் கிடைத்தது.

பாட்டைப் பதிவு செய்யும் கட்டத்தில், நான் மேலே சொன்ன கொள்கை ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. எங்கள் ஸ்டூடியோவின் பெருஞ்செல்வம், பெர்லினில் நாய்மன் கம்பெனி 1949 முதல் தயாரித்த யூ 47 மைக் ஒன்று. அதன் உள்ளே எரியும் வி.எஃப். 14 என்னும் டெலிஃபுங்கன் வால்வை அப்போதே எவரும் தயாரிப்பதில்லையாகையால், பதிவு முடிந்ததும் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிடவேண்டும். மனிதக் குரலுக்கு அதைப்போன்ற சிநேகிதன் வேறில்லை. பாடகரை அதன் முன் நிறுத்தினோம். மேடைகளில் வியர்வை சொட்டச் சொட்டத் துள்ளிப் பாடிப் பழகிய அந்த இளைஞர், அசையாமல் ஓரிடத்தில் நின்று, காதில் ஹெட்ஃபோனும் எதிரில் காற்றுத்தடுப்பு வலையுமாகப் பாடியபோது, சுருதி பிசகவில்லை, சொற்கள் தெளிவாக வந்தன. பாட்டில் உயிர் மட்டும் இல்லை. நள்ளிரவு வரையில் பாடியும் அது வரவில்லை.

தயாரிப்பாளர் எழுந்து போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எஸ்.எம். 58 என்னும் மேடை மைக் ஒன்றை எடுத்துவந்து பாடகரின் கையில் கொடுத்து, அவரைக் கண்ட்ரோல் அறைக்குள்ளேயே அழைத்துவந்து, பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நிறுத்தினார். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே முழு ஒலியோடு பாட்டை ஓடவிடுகிறேன், மேடையில் பாடுவதுபோல் பாடுங்கள் என்றார். நான் திடுக்கிட்டேன். ஸ்பீக்கரில் முழங்கும் டிரம்ஸ் முழுவதும் பாடகரின் மைக்கில் அல்லவா வந்து விழும்? மைக்கை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்துகிற பட்சத்தில், ஒரு ஸ்பீக்கரின் முனைகளை மாற்றிவிட்டு, இரண்டுக்கும் நடுவே சமதூரத்தில் மைக்கை வைத்து, இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்யலாம். அந்த உபாயம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பாடகர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உலாவப் போகிறார்; சமதூரம் என்பது எங்கே நிற்கும்? எதைக் கேட்கக் கூடாதென்று ஒவ்வொரு மைக்கையும் அவ்வளவு யோசித்துத் திருப்பிய மனிதர், மைக்கின் வாய்க்கு நேரே ஸ்பீக்கர்களைத் திறந்துவைத்துவிட்டு, நாடாவை ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். பாடகர் கண்களை மூடிக்கொண்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, கால்களால் தரையை உதைத்துக்கொண்டே பாடினார். அந்தப் பாட்டே இசைத்தட்டில் இருப்பது.

கலவை செய்த அன்று, உதவிப் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். பாடகர் மூச்சு வாங்கும் இடங்களிலும், வரிகளுக்கு நடுவிலும், அந்தத் தடத்தை மூடிவிட்டால் ஸ்பீக்கரிலிருந்து கசிந்த டிரம்ஸ் போய்விடுமே என்றார். நியாயமான யோசனையாகவே எனக்கும் பட்டது. தயாரிப்பாளரும் தடை சொல்லவில்லை. மூடிப் பார்ப்போம் என்றார். வரி முடிந்ததும் தடம் மூடியது. அதே கணத்தில் டிரம்ஸ் முழுவதும் ஒரு சாண் சுருங்கினாற்போல் ஆயிற்று. அடுத்த வரிக்குத் திறந்ததும் மறுபடி விரிந்தது. மூன்று நான்கு அடி தூரத்துக் காற்றைக் கடந்து சற்றே தாமதித்துப் பாடகரின் மைக்கில் விழுந்த அந்தக் கசிவு, 4038 மைக்குகளில் பதிவான டிரம்ஸின் பின்னால் ஒரு நிழல்போல் நின்று அதற்குக் கனம் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு தரம் கேட்டுவிட்டு அவர், தடத்தை முதலிலிருந்து கடைசி வரை திறந்தே வைக்கச் சொன்னார். ஸ்னேர் மைக்கின் ஃபேடரை மட்டும், கசிவு கொடுக்கும் அளவுக்குச் சரியாக, கொஞ்சம் இறக்கிவிட்டார்.